பேஸ் ஆம்ப்பைக் கெடுத்தது யார்

குட்டிம்மா,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன், சூடு பண்ணிச் சாப்பிடு. சாயங்காலம் ரிப்பேர்காரர் வருவார். உன் பேஸ் கிடாரின் ஆம்ப்பை நீயே கழற்றிப் பார்க்காதே. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் தங்கியிருக்குமாம்.

நேற்று வோல்டேஜ் எகிறி அது புகைந்தபோது, "ஆஃப் பண்ணாம போவியா? பொறுப்பே கிடையாதா?" என்று குதித்தேன். நீயும் "ஸாரிப்பா" என்றாய். உண்மையில், வோல்டேஜ் எகிறினால் தடுக்கும் உன் பாக்ஸை இஸ்திரி போட எடுத்துக்கொண்டு, ஆம்ப்பை நேராகச் சுவரில் செருகியது நான்தான்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடு.

அப்பா

பி.கு.: காலையில் ஆம்ப் இல்லாமல், கிடார் கட்டையில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாய். உண்மையைச் சொல்லிவிடத்தான் கதவைத் திறந்தேன். "சத்தமா இருக்காப்பா?" என்று கேட்டு நிறுத்திவிட்டாய்.