மூன்றாம் ஓடைக்கு மேலே புல்தான்

மச்சான்,

தடிமன் பிடித்துக் கிடக்கிறேன். மருமகள் யூக்கலிப்டஸ் தைலத்தை நெஞ்சில் தேய்த்துவிட்டுப் போனாள். சளி இளகியதோ இல்லையோ, அந்த வாசத்தோடு நீ வந்துவிட்டாய். கல்முனைக்குடியில் இந்தத் தைலத்தின் மேல் கோபம் வைத்திருந்தவர்கள் நாம் இரண்டு பேர். உன்னைக் கபுறில் அடக்கி மூன்று வருடமாகிறது; இப்போது நான் ஒருவன்தான்.

எழுபத்தெட்டில் மருதமுனைச் சாரன்களை மூட்டை கட்டிக்கொண்டு ஊவா மலைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வியாபாரம் போனோம். தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாக விற்றபடி ஏறுவோம். மஃரிபு தொழுகை நேரம் எந்த ஓடை வருகிறதோ அங்கே முகம் கைகால் கழுவி வுளு எடுப்போம். முதல் ஓடையில் நீ முகம் கழுவக் குனிந்தபோதுதான் அந்தக் குருவி கத்தியது, எண்ணெய் காணாத கதவைத் திறப்பதுபோல. கருநீலக் குருவி. காட்டு நிழலும் ஓடும் தண்ணீரும் இல்லாத இடத்தில் அது இராது. தினமும் இருட்டுக்கட்டும் முன் அதே நேரத்தில் கத்தும்.

"ஒண்ட மணிக்கூட்ட வித்துடு மச்சான், இது போதும்" என்றாய்.

மறு வருடம் முதல் ஓடைக் காட்டை வெட்டி யூக்கலிப்டஸ் நட்டார்கள். கன்றுகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல வரிசையில் நின்றன. நாளாவட்டத்தில் ஓடை வற்றியது. வுளுவுக்கு நாம் இரண்டாம் ஓடைவரை ஏறினோம். குருவி நமக்கு முன்பே அங்கே போயிருந்தது.

"பின்ன என்ன, மல பெரிசிதானே" என்றேன்.

நீ அண்ணாந்து பார்த்தாய். மேலே இன்னும் ஓர் ஓடை. அதற்கு மேலே மொட்டைப் புல்வெளி.

"மேல போகப் போக மல சின்னதாகுது மச்சான். கீழால இறங்க நெழல் இல்ல. பக்கத்து மலைக்குப் போறதெண்டாலும் நடுவுல வெட்டவெளி. இது எங்க போற?"

எண்பத்தொன்றில் இரண்டாம் ஓடை மரங்களிலும் சிவப்பு மை பூசியிருந்தது. வெட்டப்போகிறார்கள் என்று அர்த்தம். அன்று நீ சாரன் விற்கவில்லை.

"நீதானே எழுத்துக்காரன். பெட்டிசம் ஒண்டு எழுது. பகிடி வேணாம், நேரா எழுது."

ஓம் என்றேன். எழுதிய மனுவோ குருவியின் பெயரில். "மனுதாரர் இவ்வோடையில் பரம்பரையாகக் குடியிருப்பவர். காணி உறுதி கிடையாது. சங்கீதம் தவிர வேறு தொழில் தெரியாது. உச்சியில் மாற்றுக் காணி தந்தாலும், புல்லில் குடியிருந்து பழக்கமில்லை." நேராக எழுதுவது அன்று எனக்குச் சாரன் இல்லாமல் தெருவில் இறங்குவதுபோல இருந்தது.

காட்டு இலாகாக் கந்தோரில் கிளாக்கர் அதைச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, பெரிய ஐயா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நமக்குப் பிளேன்டீ வந்தது. "ஒன்றை வெட்டினால் இரண்டு நடுகிறோமாம். மரம் மரம்தானே என்று ஐயா கேட்கிறார்" என்று கிளாக்கர் தமிழாக்கினார். குருவிச் சத்தம் எந்த வருடம் எந்த ஓடையில் கேட்டது என்று நீ சொல்லத் தொடங்கினாய். ஐயா அடுத்த சிரிப்புக்குத் தயாராக முகத்தை வைத்துக்கொண்டார். நீ நிறுத்திவிட்டாய்.

பஸ்ஸில் சொன்னாய்: "சிரிச்சிட்டாங்க மச்சான். சிரிச்ச மனிசன் இனிக் கேக்கமாட்டான்."

நீ ஏசவில்லை. ஏசியிருந்தால் என்னிடம் பதில் இருந்தது.

அந்த மாதமே வெட்டினார்கள்.

நீ மௌத்தான பிறகு ஒரு தடவை தனியாக மூன்றாம் ஓடைவரை ஏறினேன். வுளு எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரே ஒரு குருவி கத்தியது. இன்னொன்றின் மறுமொழிக்கு இடம் விட்டதுபோல நிறுத்தியது, பிறகும் கத்தியது. கேட்டியா என்று திரும்பினேன். மூட்டை மட்டும் கிடந்தது.

ஊருக்கு வந்து பெட்டிசத்தை நேராக எழுதினேன். முதல் ஓடையில் இருந்தது, இல்லை. இரண்டாம் ஓடையில் இருந்தது, இல்லை. மூன்றாம் ஓடையில் ஒன்று இருக்கிறது. அதற்கு மேலே காடு இல்லை. அந்த ஓடையை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான். இப்போது நாட்டுச் சண்டையில் பாதையில் நம்பிப் போக முடியாததால் வருடம் ஒன்று என்று தபாலில் அனுப்புகிறேன். மனுதாரர் என்ற இடத்தில் நம் இருவர் பெயரும் இருக்கிறது.

பதில் இல்லை. இதுவரை யாரும் சிரித்ததாகவும் தகவல் இல்லை.