மூன்றாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

காலை ஷிப்ட். மூடுபனியால் முதல் இரண்டு படகுகளும் தாமதம். பனியை நான்தான் வரவழைத்தது போல ஆளாளுக்கு என்னைத் திட்டிவிட்டுப் போனார்கள்.

பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. அக்கரை மேற்பார்வையாளர் ஓய்வு பெற்ற இடத்துக்கு முதல் பெயர் என்னுடையது. மருத்துவச் சான்று ஒன்றுதான் பாக்கி. இக்கரை மேற்பார்வையாளரை நாங்கள் கேப்டன் என்போம். மனிதருக்குப் படகில் ஏறினாலே வாந்தி, அதனால் வந்த பெயர். என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம். மாடியிலிருந்து இறங்கி வந்து கை கொடுத்தார்.

வீட்டில் சொன்னேன். இவர் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, "இனிமே உனக்கு மேல யாரு இருக்கா, என்னைத் தவிர?" என்றார். அந்த நினைப்பும் வேண்டாம் என்றேன்.

மார்ச் 12, புதன்

கண் பரிசோதனை. இடது கண்ணை மூடச் சொன்னார்கள். கடைசி வரி வரை கடகடவென்று படித்தேன். வலது கண்ணை மூடச் சொன்னார்கள். மேலே ஒரு பெரிய எழுத்து இருந்தது. அதற்குக் கீழே எல்லாம் எறும்புகள். கண்ணாடிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். எறும்புகள் எறும்புகளாகவே இருந்தன.

டாக்டர் சின்னப் பெண். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறிக் கண்ணாம். கண்ணாடிக்கும் சரிவராதாம். நாற்பத்து மூன்று வருடமாக ஒரு சோம்பேறியைக் கூடவே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன், எனக்கே தெரியவில்லை.

"ரெண்டு கண்ணையும் திறந்து பார்த்தா உங்களுக்குப் பார்வை நல்லாவே இருக்குங்க. ஆனா ரூல் ஒவ்வொரு கண்ணா கேக்குது" என்றாள். வேலைக்குச் சேர்ந்தபோது இரண்டையும் திறந்தபடிதான் படிக்கச் சொன்னார்கள். அது கீழ்ப் பதவிக்கான சோதனையாம்.

மார்ச் 13, வியாழன்

எழுதத் தோன்றவில்லை.

மார்ச் 20, வியாழன்

கடிதம் வந்தது. மேற்பார்வையாளர் பணிக்கு நான் தகுதியற்றவள். தற்போதைய பணியில் தொடரத் தடையில்லை.

தற்போதைய பணி என்ன? தண்ணீர் ஓரம் நின்று ஏறுபலகையை இழுப்பது. ஏறுகிற ஆட்களை எண்ணுவது. அம்மா போன் பேசும்போது வழுக்கப் போகும் குழந்தையை எட்டிப் பிடிப்பது. இதற்கெல்லாம் இந்தக் கண் போதும். மாடியில் உட்கார்ந்து திரையைப் பார்த்து, வாக்கி-டாக்கியில் "கிளம்பலாம்" என்று சொல்வதற்குத்தான் போதாது. என்ன குறைச்சல் எனக்கு? உலகத்துல எவன் ஒரு கண்ண மூடிக்கிட்டு வேலை பாக்குறான்?

அடுத்த பெயர் புது மாப்பிள்ளையுடையது. கல்யாணம் ஆன வாரம் வேலைக்குச் சேர்ந்தான். இரண்டு பிள்ளைகள் ஆகியும் பெயர் மாறவில்லை. "அக்கா, நான் வேணாம்னு சொல்லிடட்டுமா?" என்று முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கேட்டான். சொல்லித்தான் பாரேன் என்றேன். சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

கேப்டனோடு உட்கார்ந்து மேல்முறையீட்டு மனு எழுதினேன். பழைய விதிப் புத்தகத்தை அவரே தேடி எடுத்திருந்தார். அக்கரை விளக்கைப் பார்த்து இக்கரையில் படகு விட்ட காலத்துப் பார்வை அளவு இது. இப்போது அந்த விளக்குக் கம்பத்தில் கொடி கட்டித் துணி காயவைக்கிறார்கள்.

முதல் பத்தி என் பணிக்காலம். இரண்டாவது, கேப்டன் விடுப்பில் போகும் நாட்களில் அவர் வேலையைப் பொறுப்பாகப் பார்ப்பது நான்தான் என்பது. இரண்டையும் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மூன்றாவது என் சொந்தச் சரக்கு: இந்தப் பதவியில் இப்போது இருப்பவர்கள், பதவிக்கு வந்த பிறகு ஒரு முறையாவது இதே அளவின்படி சோதிக்கப்பட்டார்களா?

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "போடும்மா. நல்ல கேள்வி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து இவருக்கும் படித்துக் காட்டினேன்.

ஏப்ரல் 21, திங்கள்

பதில் இல்லை. மழை.

மே 6, செவ்வாய்

சுற்றறிக்கை. எல்லா மேற்பார்வையாளர்களும் இந்த மாதத்துக்குள் கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். "மேல்முறையீட்டு மனு ஒன்றில் சுட்டிக்காட்டப்பட்டவாறு" என்று என் மனுவைக் குறிப்பிட்டிருக்கிறார்கள். மனுவின் கதி என்ன? பரிசீலனையில் உள்ளது.

யாரோ ஒருவர் கடைசி வரை படித்திருக்கிறார் என்று சந்தோஷமாகத்தான் இருந்தது. சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடினேன். கேப்டன் தலையை அண்ணாந்து கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். தூசி என்றார். வாங்கிப் படித்துவிட்டு மேசையில் வைத்தார். நான் இன்னும் கொஞ்சம் பேச்சு எதிர்பார்த்தேன்.

மே 19, திங்கள்

கேப்டன் தேறவில்லை.

கண்ணுக்குள் அழுத்தமாம். நேரே உள்ள எழுத்தெல்லாம் தெரிகிறது, பக்கப் பார்வையையும் அளந்ததில்தான் சிக்கிவிட்டார். பக்கவாட்டில் இரண்டு பக்கமும் போய்விட்டது. வருடக்கணக்காக வெளியில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஓய்வுக்கு ஒரு வருடம்தான் இருக்கிறது. சம்பளம் குறையாது, கீழே மாற்று வேலை தருவார்களாம். மற்ற மேற்பார்வையாளர்கள் எல்லோரும் தேறிவிட்டார்கள்.

அவர் விஷயத்தில் அந்தச் சோதனை சரிதானோ? இருக்கலாம். ஆனால் அவர் இருந்த காலத்தில் ஒரு படகுகூட எதிலும் இடித்ததில்லை. எனக்காக நான் கேட்டது சலுகை. அவருக்குக் கிடைத்தது நான் கேட்காதது. இல்லை, கேட்டேன். கேள்விக்குறி போட்டுக் கேட்டேன்.

இவர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். இவரிடமும் எரிந்து விழுந்தேன்.

மே 22, வியாழன்

மூன்று நாளாகக் கேப்டன் என்னைப் பார்த்தால் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். இன்று மேசையைக் காலி செய்யும்போது நானே போய் நின்றேன். உங்கள் கண் இப்படி என்று தெரிந்தும் ஏன் அந்தப் பத்தியைப் போடச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"கேள்வி சரியா இருந்துச்சேம்மா. தப்புன்னு எப்படிச் சொல்றது?" என்றார். இழுப்பறையை மூடினார். மறுபடி திறந்தார். "ஆபீஸ்ல மூணாவது பாரா வரைக்கும் படிப்பாங்கன்னு நினைக்கல."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவருக்கும் வரவில்லை. பையில் வைக்க ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு தம்ளர், ஒரு துண்டு, மருந்துக் குப்பி. பையைக் கொடுங்கள் என்றேன், தரவில்லை.

ஜூன் 2, திங்கள்

ஒரே தபாலில் இரண்டு உறைகள்.

முதலாவது: ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியான பார்வை அளவைத் தளர்த்த இயலாது, மனு நிராகரிக்கப்படுகிறது. இரண்டாவது: தகுதியுள்ள ஒருவர் நியமிக்கப்படும் வரை, இக்கரை மேற்பார்வையாளர் பணியை நான் முழுப் பொறுப்பில் கவனிக்க வேண்டும். பொறுப்புக்கு மருத்துவச் சான்று தேவையில்லை. இரண்டிலும் ஒரே ஆளின் கையெழுத்து.

இவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். வாய்விட்டுச் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். மடித்து உறையில் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜூன் 3, செவ்வாய்

மாடியில் முதல் நாள். விடுப்பில் போனவரின் நாற்காலியில் உட்காரும்போது ஒன்றும் தோன்றாது. இன்று உட்காரவே கூசியது.

என் இடத்துக்குக் கேப்டனைத்தான் போட்டிருக்கிறார்கள். பக்கவாட்டில் தெரியாத மனிதரைத் தண்ணீர் ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு அந்தக் கண் போதுமாம். எனக்குத் திரையில் கவனமே போகவில்லை, ஜன்னல் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிதானமாகத்தான் செய்தார். உடம்பையே திருப்பித் திருப்பி ஒவ்வொரு பக்கமும் பார்த்தார். ஒரு குழந்தைக்குக் கை கொடுத்து ஏற்றிவிட்டார். பலகையை இழுத்துவிட்டு, ஓரத்திலேயே நின்றபடி வாக்கி-டாக்கியை எடுத்தார்.

"எல்லாரும் ஏறியாச்சு மேடம். கிளம்பலாமா?"

இத்தனை வருடமாக என்னை அம்மா என்று கூப்பிட்டவர். பட்டனை அழுத்தினேன்.

"கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க சார்" என்றேன்.

அவர் தலையைத் திருப்பி ஓரத்தைப் பார்த்தார். இரண்டு எட்டு பின்னால் வந்தார். அதன் பிறகுதான் கிளம்பலாம் என்று சொன்னேன்.