நான் எழுதாமல் விட்ட வரி

இன்று காலை புது மார்க்கரின் மூடியைத் திறந்ததும் அந்தக் காட்டமான வாடை மூக்கில் ஏறியது. கூடவே நீயும் வந்துவிட்டாய். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? வா, வந்து உட்கார்.

ராயபுரத்தில் உங்கள் மாடி அறையில்தான் நான் இந்த வேலையைக் கற்றேன். வகுப்பு வேறு இடத்தில் நடந்தது. காது கேளாதவர்களுக்கும், காதோடு கண்ணும் போனவர்களுக்கும் குறிப்பெடுத்துத் தரும் பயிற்சி அது. அறையில் யார் என்ன பேசினாலும் அப்படியே எழுதி அவர்கள் முன்னால் வைக்கவேண்டும். எழுத முடியாமல் போனால், 'இவர் அவரிடம் மெல்ல ஏதோ சொல்கிறார்' என்றாவது எழுதவேண்டும். முதல் நாளே சொல்லிவிட்ட விதி. பழகிப்பார்க்க ஆள் தேடியபோது, ஒரே தெருவில் கூடவே வளர்ந்த தோழி நீ கிடைத்தாய். உனக்குப் பிறவியிலேயே காது கேட்காது. முப்பதைத் தாண்டியதும் பார்வையும் ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது.

கன்டெய்னர் லாரி போனால் தரை அதிர்வதை உள்ளங்காலில் வாங்கி, சுமையா காலியா என்று சொல்வாய். நான் ஜன்னலில் எட்டிப் பார்ப்பேன். நீ சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

ஒருநாள் உன் அண்ணி அடுப்படியிலிருந்து, "செவுட்டுக்கு சோறு சுடச்சுட வேணுமாம், இன்னா ராங்கி பாரு" என்றாள். நான், 'சோறு ஆறிவிட்டதாம்' என்று எழுதினேன். நீ தாளைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். மார்க்கரைப் பிடுங்கி எழுதினாய்: "பேப்பர்ல ஒரு வரி கீது. உன் மூஞ்சில மூணு வரி கீது. மீதி எங்க?" எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். அன்றைக்கு வேண்டுமென்றே இன்னொரு தட்டு சோறு கேட்டு வாங்கித் தின்றாய்.

பிறகு உன் அம்மா இறந்துபோனார். உனக்கு முகங்களும் மறைந்தன. தாளில் பெரிதாக எழுதினால் ஒரு நேரத்தில் இரண்டு எழுத்து தெரியும். அண்ணன் உன்னை ஊருக்கு வெளியே ஒரு இல்லத்தில் சேர்க்கப் பார்த்தார். நீ மாட்டேன் என்றாய். பேசி முடிக்க உங்கள் வீட்டிலேயே கூடினோம். இல்லத்தின் மேற்பார்வையாளர், அண்ணன், அண்ணி, நீ. குறிப்பெடுக்க நான். என் பயிற்சியின் கடைசி அமர்வு அது. பயிற்சிப் படிவத்தில் உன் குடும்பத்தார் ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் எனக்குச் சான்றிதழ்.

"ஒரே மாசம்தாம்மா. வூட்ல பூச்சு வேலை கீது. முடிஞ்சதும் நானே இட்டாந்துடறேன்" என்றார் அண்ணன். எழுதினேன். நீ ஒவ்வொரு எழுத்தாகப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் அண்ணி பக்கம் சாய்ந்தார். "மாசமாவது இன்னாவாவது. வுட்டா வுட்டதுதான். மேல் ரூமுக்கு வாடகைக்கு ஆள் சொல்லிட்டேன்." சொல்லிவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

என் கை தாளுக்கு மேலேயே நின்றது. நீ நிமிர்ந்தாய். என் முகத்தில் எத்தனை வரி என்று பார்க்க உனக்குக் கண் இல்லை. என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் கேட்டாய்: "வேற?" நான் தாளில் 'இல்லை' என்று எழுதினேன். பெரிதாக, அழகாக.

இல்லத்தில் சேரும் தாளில் நீ கையெழுத்துப் போட்டாய். அதே மார்க்கரை வாங்கி உன் அண்ணன் என் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். உனக்கு வலிக்குமே என்றுதான் விட்டேன் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

நாலாவது மாதம் உன்னைப் பார்க்க வந்தேன். அந்த இரண்டு எழுத்தும் போயிருந்தன. கட்டிலில் உட்கார்ந்து பாதங்களைத் தரையில் அழுத்தி வைத்திருந்தாய். அங்கே லாரி எதுவும் போகாது. உன் கையில் எழுதத் தெரிந்தவரும் இல்லை. சாப்பாட்டுக்குத் தோளில் இரண்டு தட்டு, குளியலுக்கு மூன்று தட்டு. என் விரல்களைத் தடவி ஆளைக் கண்டுகொண்டாய். பிறகு என் கையில் எழுதினாய்: "அன்னிக்கு உனுக்குக் கேட்டுச்சா?"

'கேட்டது' என்று எழுதினேன். முடிப்பதற்குள் கையை மூடிவிட்டாய். உன்னோடு பேச எனக்கு அந்தக் கையை விட்டால் வேறு வழியில்லை. வெட்கமில்லாமல் உன் விரல்களைப் பிரிக்கப் பார்த்தேன். உன் நகம் என் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. நீ திறக்கவேயில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் உன் அண்ணன் என்னிடம், "பாவம், ஒண்ணும் தெரியாமலே பூட்டா" என்றார். நான் தலையாட்டினேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

இன்று திருவொற்றியூரில், மாப்பிள்ளை வீட்டில், ஒரு கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை காது கேட்காத வெல்டர், புதுச் சட்டை போட்டிருந்தார். பெண்ணின் அம்மா என் காதோரம் குனிந்து, "பொண்ணுக்கு இஸ்டமே இல்ல. வேற எடம் அமையலன்னுதான் இங்க தள்றோம். இத்த எழுதாதம்மா" என்றாள். எழுதினேன், எழுதாதே என்று அவள் சொன்னதையும் சேர்த்து. அவர் கடைசி எழுத்துவரை படிப்பதை எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். எழுந்து உள்ளே போனவர் பழைய சட்டையோடு திரும்பி வந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா வாசல்வரை துரத்திக்கொண்டு வந்து, "நீ நல்லா இருப்பியாடி?" என்று கேட்டாள். மகன் பின்னாலேயே நின்றிருந்தார். அந்தக் கேள்வியையும் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். உன் நகம் கிழித்த கோடு இன்னும் இருக்கிறது. மார்க்கரை அந்த விரலால்தான் பிடிக்கிறேன்.