ஏழாவது நாளும் அதே நாற்றம்

என் வீட்டுக்காரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி குறைந்ததா என்று முதலில் எழுது. அம்மா வேளைக்கு மாத்திரை போடுகிறார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஓட்டல்காரர்கள் எங்களை மலையிலுள்ள தேசியப் பூங்காவுக்குக் கூட்டிப் போனார்கள். இயற்கையை ரசிக்கத்தான் என்று நம்பி, நீ எடுத்துக் கொடுத்த நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டேன். மலையேறி முடித்ததும் சூப்பர்வைசர் ஆளுக்கொரு கையுறையும் சாக்கும் நீட்டினார்.

"சுத்திப் பாத்துக்கிட்டே குப்பையையும் பொறுக்கிடுங்கப்பா. போட்டோ எடுத்து மேல அனுப்பணும்."

வாரத்தில் ஆறு நாள் கக்கூஸ் கழுவுகிறவனுக்கு ஏழாவது நாளும் அதே நாற்றம். அருவிப் பக்கம் பாறை இடுக்கெல்லாம் குழந்தைகளின் டயப்பர். பாதி தின்ற கோழியில் புழு நெளிந்தது. என்னோடு அறையில் தங்கியிருப்பவன் காறித் துப்பினான்.

"இவ்ளோ தூரம் மூச்சு வாங்க ஏறி வந்து, இதையா விட்டுட்டுப் போவானுங்க? த்தூ!"

நான் நீலச் சட்டையின் காலருக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து, "கொஞ்சம் சிரிங்கப்பா" என்றார் சூப்பர்வைசர். சிரித்தேன். அந்தப் படத்தைத்தான் இதோடு வைத்திருக்கிறேன். சாக்கு இருக்கும் பக்கத்தை மடித்துவிட்டு, மலையை மட்டும் அம்மாவிடம் காட்டு.

வேலைக்குக் கூட்டிப் போகும் வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார், முடிக்கிறேன். மாதாமாதம் இப்படி மலையேற வேண்டுமாம். மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய பருத்திச் சேலையில் ஒரு முழம் கிழித்து அனுப்பு. சுத்தமாக இருக்கட்டும் என்று துவைத்துவிடாதே. நீ கட்டி அவிழ்த்தபடியே அனுப்பு.

உன் வீட்டுக்காரன்