ரயிலில் சொல்லிவிட்ட செய்தி

12 ஆகஸ்ட் 2003

மகள் ஹெலனுக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது. மருந்துக் கடையில் வாங்கிய பட்டையில் இரண்டு கோடு. “மூணு மாசம் ஆகட்டும், அதுவரைக்கும் வாயத் தெறக்காதீங்க” என்றாள் ரஞ்சிதம். இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்திய பெண்டாட்டி இப்படியெல்லாம் ஆசைப்படலாமா? தங்கவயலில் ரயில் ஏறினேன். பங்காரப்பேட்டை வருவதற்குள் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. பெங்களூரில் இறங்கும்போது முன்பின் தெரியாத ஒருவன், “தாத்தா, வழி விடுங்க” என்கிறான்.

14 ஆகஸ்ட்

ரயிலில் தனக்கோடி குழந்தைக்குப் பெயரே வைத்துவிட்டான். சிரில் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் என்னோடு சுரங்கத்தில் இருந்தவர்கள். அது மூடியபின் பெங்களூரில் ஆளுக்கொரு கேட்டைக் காக்கிறோம். ஒயிட்ஃபீல்டு வரைக்கும் சண்டை.

17 ஆகஸ்ட், ஞாயிறு

கிருஷ்ணராஜபுரத்தில், ஹெலன் வீட்டில். மருமகன் பீட்டர் ஆபீஸ் வேலையாகப் புனே போயிருக்கிறான். அவளுக்கு அடிவயிற்றில் வலதுபக்கம் குத்துகிறதாம். லேசாக உதிரம் வேறு. “ஆரம்பத்துல சில பேருக்கு அப்படித்தான்” என்றாள் ரஞ்சிதம். சாயங்காலம் தோள்பட்டை வலி. குடம் தூக்கியிருப்பாள் என்று தைலம் தேய்த்தேன். “டாடி, நீங்க தேய்ச்சா தைலத்துக்கே வலிக்கும்” என்று சிரித்தாள்.

18 ஆகஸ்ட்

ஆபரேஷன். எழுத வரவில்லை.

19 ஆகஸ்ட்

நேற்றுக் காலை பல் துலக்கும்போதே விழுந்துவிட்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. ஆட்டோவில் மடியில் போட்டுக்கிட்டு — ஒருத்தனும் வழி விடல. நான் கத்துறேன், ஹாரன்தான் பதில் சொல்லுது.

கரு கர்ப்பப்பைக்குப் போய்ச் சேரவில்லையாம். போகிற வழியில் குழாயிலேயே தங்கிவிட்டது. அது வளர வளர இடம் போதாமல் குழாய் வெடித்திருக்கிறது. வயிற்றுக்குள் ரத்தம் கொட்டினால் தோளில் வலிக்குமாம். தோளில்! நான் தைலம் தேய்த்த அதே தோள்.

“எடுத்து உள்ள வச்சிட முடியாதாம்மா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

“ஆகல்ல சார். உலகத்துல எங்கயும் முடியாது. குழாயோட எடுத்துட்டோம். இன்னொரு குழாய் நல்லா இருக்கு. பொண்ணு பிழைச்சிருக்கா, அதப் பாருங்க.”

யார் என்ன தப்பு பண்ணாங்க? யாருமே ஒண்ணும் பண்ணலயாம். பண்ணியிருந்தா திட்டுறதுக்காவது ஒரு ஆள் கிடைச்சிருக்கும்.

பீட்டர் வந்துவிட்டான். சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

20 ஆகஸ்ட்

ஹெலன் முதலில் கேட்டது: “டாடி, ரயில்ல சொல்லிட்டீங்களா?”

இல்லடா கண்ணு என்றேன். என்னைத் தெரியாதா அவளுக்கு? கண்ணை மூடிக்கொண்டாள்.

26 ஆகஸ்ட்

ஏறியதுமே தனக்கோடி, “தாத்தாவுக்கு எடம் விடுங்கப்பா” என்றான். சொன்னேன். குழாய், ரத்தம், எல்லாம். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த பெட்டிக்காரன் ஒருத்தன் எட்டிப் பார்த்து, “ஸ்வீட்டு எப்போ?” என்கிறான். செய்தியை அனுப்பத் தெரிந்த எனக்கு அதைத் திரும்பக் கூப்பிடத் தெரியவில்லை.

9 ஜூன் 2004

ஹெலனுக்கு மறுபடி இரண்டு கோடு. இந்தத் தடவை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நாளைக்கு ஸ்கேனில்தான் தெரியும். அதுவரை யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார் டாக்டரம்மா.

ரயிலில் சிரில், “இன்னாடா ஆம்ப்ரோஸ், வாயே தெறக்க மாட்டேங்கற?” என்றான்.

பல்வலி என்றேன். பையைத் துழாவி ஒரு கிராம்பு எடுத்துக் கொடுத்தான். பெங்களூர் வரைக்கும் அதை நல்ல பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.