அக்காவுக்கு வாங்கிய பிரிண்டர்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. காயப்போட்ட துணி இரண்டு தடவை வேலிக்குப் போய்விட்டது. ஆட்டுக்குத் தழை, தண்ணீர் பிடித்தது, பருப்பு வேகவைத்தது.

அக்கா வர எட்டு மணி. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க நின்று, காலேஜ் பஸ்ஸை விட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் வந்திருக்கிறாள். பையைப் போட்டதும் அம்மாவிடம், "இனிமேட்டு என்னால முடியாதும்மா. நான் ஹாஸ்டல்ல சேந்துக்கறேன்."

அம்மா தட்டு வைத்தாள்.

அப்பா போர்வெல் ரிக் வண்டியில் ராய்ச்சூர் பக்கம் கிணறு போடப் போயிருக்கிறார். போனில் கேட்டுவிட்டு, "இதுக்கு எதுக்கு ஹாஸ்டலு? ஊட்டுக்கே ஒரு பிரிண்டரு வாங்கிப் போட்டாத் தீந்துது. பன்னெண்டாயிரத்துக்குள்ள பாருங்க. சின்னவ ஊட்ல சும்மாத்தான இருக்கறா, அவ பாக்கட்டும்."

சும்மா. சரி.

அக்கா யோசித்தாள். "ரிப்பேர் ஆகாம ஓடற மெஷினா இருந்தா இங்கிருந்தே போறேன்" என்றாள். அந்த ஒரு வார்த்தைதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 11, புதன்

அம்மா ஏழு மணிக்குக் கோழிப்பண்ணைக்கு. அக்கா அதற்கும் முன்னால். பிறகு பொழுது சாயும்வரை நானும் ஆடுகளும்.

போன வருஷம் படிப்பை விட்டதிலிருந்து இப்படித்தான். பதினொன்றாவதுக்குத் திருச்செங்கோட்டில் சேர்த்தார்கள். கொஞ்ச நாள் போனேன். வகுப்பில் என் குரல் வெளியே வரவே இல்லை. யாரும் திட்டவில்லை. நானாகத்தான் நின்றுவிட்டேன்.

அக்காவின் பழைய போனில் பிரிண்டர் வீடியோக்கள். கண் எரிச்சல். தெரிந்துகொண்டது:

- கார்ட்ரிட்ஜ் போடுவது. மெஷின் மலிவு, மை சீக்கிரம் தீரும். புதுக் கார்ட்ரிட்ஜ் விலையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வேண்டாம்.
- டேங்க் வைத்தது. பாட்டிலில் மை ஊற்றணும். கலர் வரும், செலவு குறைவு. ஓட்டாமல் விட்டால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும்.
- லேசர். மை கிடையாது, பொடி. கறுப்பு மட்டும். நாள்கணக்கில் சும்மா கிடந்தாலும் கெடாது.

ஒரு வீடியோவுக்குக் கீழே முதல் தடவையாகக் கேள்வி போட்டேன். அடித்து அழித்து, அடித்து அழித்து. "வாரத்தில் ரெண்டு மூணு நாள்தான் பிரிண்ட் எடுப்போம், எது நல்லது?" சாயங்காலம் ஒருவர் பதில் போட்டிருந்தார். "லேசர் எடுங்க ப்ரோ."

ப்ரோவாம். சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்க ஆள் இல்லை, ஆடுதான்.

ஜூன் 12, வியாழன்

அக்கா சாப்பிடும்போது கேட்டேன். கலர் வேணுமா?

"ரெக்கார்டு, அசைன்மெண்டு எல்லாம் கறுப்புத்தான். மொதப் பக்கம் மட்டும் கலரு. அதக் கடையில எடுத்துக்கறேன்."

ஸ்கேன்?

"போன்லயே எடுத்துக்கலாம்."

பரீட்சை லீவில்?

"லீவுல எவ பிரிண்டு எடுப்பா? நெம்பத்தான் வெசாரிக்கறடி, ஆபீசர் கணக்கா."

அப்படியானால் லேசர்தான். அக்கா என்னிடம் இவ்வளவு பேசி எத்தனை நாளாகிவிட்டது. இன்னும் ஏதாவது கேள்வி இருக்கிறதா என்று யோசித்தேன். இல்லை.

ஜூன் 14, சனி

அம்மாவும் நானும் சேலம். அக்காவுக்கு ஸ்பெஷல் கிளாஸ். வெயில், காற்று, புழுதி. பஸ்ஸில் நின்றுகொண்டே போனோம்.

கடையில் அம்மா: "ஏனுங்க, காலேஜ் படிக்கற புள்ளைக்கு ஒரு பிரிண்டரு வேணுமுங்க."

"டேங்க் எடுத்துக்கங்கம்மா. கலர் வரும். காலேஜ் பேக் ஒண்ணு ஃப்ரீ."

"பை ஊட்ல நாலு கெடக்குதுங்க. மெஷினு ஓடுமாங்க?"

"வெச்ச எடத்துல வெச்சா ஓடும்மா. சாய்ச்சுத் தூக்கக்கூடாது, மை ஊத்திரும்."

நான் கேள்விகளைப் போனில் எழுதி வைத்திருந்தேன். அம்மாவிடம் நீட்டினேன். "எனக்கு இது கண்ணு தெரியல சாமி, நீயே கேளு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். போனைப் பார்த்தே படித்தேன்.

"லேசர்ல... பொடி இங்கயே கெடைக்குமாங்க?"

"என்ன பாப்பா? சத்தமாச் சொல்லு."

மறுபடி சொன்னேன். கிடைக்குமாம். சர்வீஸ் திருச்செங்கோட்டிலேயே இருக்கிறதாம். இன்வெர்ட்டரில் போடக்கூடாது, கரண்ட் நிறைய இழுக்கும் என்றார். நம் வீட்டில் இன்வெர்ட்டரே இல்லை. பிரிண்ட் மட்டும் எடுக்கிற சின்ன லேசர், அப்பா சொன்ன தொகைக்குள் வந்துவிட்டது.

திரும்பும்போது பெட்டி என் மடியில். கண்டக்டர், "டிவியாம்மா?" என்றார். "பிரிண்டருங்க" என்று நானே சொன்னேன்.

ஜூன் 18, புதன்

மூன்று நாளாக நன்றாக ஓடுகிறது. அக்கா ஆறரைக்கே வந்துவிடுகிறாள். அவள் லேப்டாப்பில் அமுக்க, நான் பேப்பர் வைக்கிறேன். காகிதம் சூடாக வருகிறது. வந்துகொண்டே இருக்கும்போது காலேஜ் கதை சொல்கிறாள், எந்த சார் எப்படி நடப்பார், யார் டப்பாவை யார் தின்றார்கள். நேற்று நடந்தும் காட்டினாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

ஹாஸ்டல் பேச்சே இல்லை.

ஜூன் 22, ஞாயிறு

மத்தியானம் கறிக்குழம்பு. சாப்பிட்டு முடித்து அக்கா மெதுவாக ஆரம்பித்தாள். நிவேதா என்று கூடப் படிக்கிறவள். அவளுடைய ஹாஸ்டல் ரூமில் ஓர் இடம் காலியாம். தினம் மூன்று மணி நேரம் பஸ்ஸிலேயே போகிறதாம்.

அம்மா: "பிரிண்டரு வாங்கிக் குடுத்தா ஹாஸ்டலு வேண்டான்னியே?"

"அதையும் எடுத்துட்டுப் போனா அங்க மூணு பேத்துக்கும் ஒதவும்மா. புராஜெக்ட் வேற வருது." என் பக்கம் திரும்பினாள். "ஏ பாப்பா, வண்டியில தூக்கிட்டுப் போனா கெட்டுப்போகுமா இது?"

இரண்டு பேரும் என் வாயைப் பார்த்தார்கள். இந்த மெஷின் விஷயத்தில் வீட்டில் என் பேச்சுதான் பேச்சு. கெட்டுப்போகும் என்று நான் சொன்னால் கெட்டுப்போகும்தான். அப்போ இங்கயே கெடக்கட்டும், நீயும் இங்கிருந்தே போ என்று அம்மா சொல்லிவிடுவாள். அக்காவும் முணுமுணுத்துக்கொண்டு போய்வருவாள்.

அவள் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்திருக்கிறது. பஸ்ஸில் தலை தொங்கித் தொங்கிக் கழுத்து வலி. தைலம் தேய்த்துவிடுவது நான்தான்.

"ஒண்ணும் ஆகாது. பொடி டப்பாவ மட்டும் கழட்டித் தனியாக் கட்டிக்கணும்" என்றேன்.

ஆட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன். அதற்கு ஏற்கெனவே வைத்திருந்தேன்.

ஜூன் 25, புதன்

பக்கத்து வீட்டு ஆம்னி வேனில் போனாள். வாங்கின பெட்டியிலேயே வைத்துக் கட்டினேன். தெர்மாகோல் சரியாகப் பொருந்தியது.

"லீவு உட்டா வந்துருவேன்டி. போன் பண்றேன்."

பேப்பர் கட்டில் பாதியை மறந்துவிட்டாள். ஓரம் சுருளாமல் கவரில் போட்டு பீரோவில் வைத்தேன். அம்மா சீக்கிரம் படுத்துவிட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

அம்மா ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டாள். நான் போகவில்லை. மேகமூட்டம், மழை இல்லை.

நான்கு நாளில் முதல் தடவையாக அக்கா நம்பரிலிருந்து போன். எடுத்தால் வேறு குரல். "பாப்பாவா? நான் நிவேதா. பேப்பர் மாட்டிக்கிச்சு. உங்கக்கா உன்னையத்தான் கேக்கச் சொன்னா."

 சொன்னேன். "இழுக்காதீங்க. மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணுங்க. பின்னாடி மூடியத் தொறந்து, ரெண்டு கையிலயும் நேரா எடுக்கணுங்க."

"இரு இரு... வருது... ஏய், வந்துருச்சு!" பின்னால் யாரோ கை தட்டினார்கள். சிரிப்பு. அதில் ஒன்று அக்காவுடையது.

"அக்காகிட்ட..." என்பதற்குள், "தேங்க்ஸ்டா பாப்பா" என்று வைத்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து நானே கூப்பிட்டேன். பேப்பர் ஈரமாக இருந்தால் மறுபடி மாட்டும் என்று சொல்லலாம். அது நிஜமும்கூட. ரிங் முழுக்கப் போய் நின்றுவிட்டது.

நாளை பகல் முழுக்கக் கரண்ட் இல்லை என்கிறார்கள். போனை இப்போதே சார்ஜில் போட்டுவிட்டேன்.