ஒரே நாளில் இருவருக்கும் ஓய்வு

அனுப்புநர்:
உதவி மருத்துவர், மகப்பேறு பிரிவு.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: மருத்துவர் தம்பதிக்கு ஒரே நாளில் வார ஓய்வு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் இதே மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவில் பணிபுரிகிறார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் மகள் பிறந்தபோது, குழந்தையோடு யாராவது ஒருவர் இருக்க வேண்டுமென்று, எங்களுக்கு எதிரெதிர் பணிநேரம் தரும்படி நான்தான் எழுதிக் கொடுத்தேன். கேட்டது ஆறு மாதத்துக்கு. பணிப் பட்டியல் போடும் எழுத்தர் இன்றுவரை அதை ஒருநாள்கூட மீறவில்லை. அந்த நல்ல மனிதரைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும்.

2. எனக்குக் காலைப் பணி, அவருக்கு மதியம். எனக்கு வியாழன் ஓய்வு, அவருக்கு ஞாயிறு. இரண்டு மணிக்கு வாகன நிறுத்துமிடத்தில் மகளையும் ஒரு துண்டுத் தாளையும் என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடுவார். அந்த மூன்று நிமிடம்தான் எங்கள் இல்லறம்.

3. வார்டில் நோயாளிகளை ஒப்படைக்கும்போது எழுதுவதுபோலவே மகளைப் பற்றியும் எழுதிப் பழகிவிட்டோம். தங்கள் ஆய்வில் மூன்றாம் படுக்கையின் கோப்பில் அகப்பட்ட “காய்ச்சல் இல்லை. சாப்பாடு பாதி. உன்னைத் தேடினாள். நானும்தான்” என்ற தாள் என் கணவர் எழுதியது. என் கோட்டுப் பையிலிருந்து கலந்துவிட்டது. விளக்கம் கேட்டு வந்த குறிப்பாணைக்கு இதுவே பதில். தவறுக்கு வருந்துகிறேன். அந்தத் தாளைத் திருப்பித் தந்தால் நன்றியுடையவளாவேன்.

4. “அம்மா, நீயும் அப்பாவும் சண்டையா? ஒருத்தர் வந்தா ஏன் இன்னொருத்தர் போயிடுறீங்க?” என்று நேற்று மகள் கேட்டாள். பிரசவ அறை வாசலில் எத்தனையோ குடும்பங்களுக்குப் பதில் சொல்லும் நான், அவளைத் தூங்கவைத்துவிட்டு இந்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன்.

5. வேலையை விட்டுவிடச் சொல்லும் உறவினர்களுக்குக் குறைவில்லை. விடமாட்டேன். இந்த வேலை எனக்கு உயிர், அவரும் எனக்கு அப்படித்தான். பணிநேரத்தைக் குறைக்கக் கேட்கவில்லை. வாரத்தில் ஒருநாள், ஆறிப்போகும்வரை தேநீரை வைத்துக்கொண்டு அவரோடு வெறுமனே பேசிக்கொண்டிருக்க ஏக்கமாக இருக்கிறது. அடுத்த மாதப் பட்டியலிலாவது இதற்கு வழி செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

6. என் கணவரும் இதில் கையொப்பமிடுவார். இரண்டு மணிக்குத்தான் இதை அவரிடம் நீட்ட முடியும். படிக்க அவருக்கு நேரமிருக்காது.

நாள்: 14, புதன்
இடம்: மகப்பேறு பிரிவு

தங்கள் பட்டியலை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
உதவி மருத்துவர்

முழுவதும் படித்தேன். இன்று பணிக்குப் பத்து நிமிடம் தாமதம். அதற்கு விளக்கம் தனியே தருகிறேன். நானும் கேட்கிறேன், ஐயா.
(கையொப்பம்)
மயக்க மருந்து மருத்துவர்